வடலியும் புகையும்: யாழ்ப்பாணத்தின் காபன் கணக்கைப் படிக்கும் விதம்

எங்கள் வீட்டில் அம்மா எழுதும் கணக்குக் கொப்பியில் இடப்பக்கம் செலவு. அரிசி, மரக்கறி, மீன், காஸ், கரண்ட் பில், பிள்ளைகளின் ரியூசன் காசு என்று அது நீளும். வலப்பக்கம் வரவு. அதில் பெரிய வரி எப்போதும் ஒன்றுதான்: கனடாவில் இருக்கும் மாமா அனுப்புவது. ஒரு மாதம் 90 ஆயிரம் செலவாகி, மாமா 50 ஆயிரம் அனுப்பியிருந்தால், "இந்த மாதம் 40 ஆயிரந்தான் செலவு" என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. "செலவு 90, கையைக் கடிச்சது 40" என்பார். மாமாவுக்கு வேலை போனால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். வலப்பக்கம் வெறுமையாகிவிடும். இடப்பக்கம் அப்படியேதான் இருக்கும்.

பச்சைவீட்டு வாயுக் கணக்கில் மொத்த உமிழ்வு, நிகர உமிழ்வு என்று இரண்டு எண் வருவது இதே கதைதான். ஒரு பிரதேசத்தின் வாகனம், அடுப்பு, வயல், மாடு, ஆடு, குப்பைமேடு, தொழிற்சாலை எல்லாம் ஆண்டு முழுக்கக் காற்றில் விட்ட வாயுக்களைக் கூட்டினால் மொத்த உமிழ்வு. அதே ஆண்டில் அந்தப் பிரதேசத்தின் மரமும் மண்ணும் காற்றிலிருந்து இழுத்து வைத்துக்கொண்டதை அதிலிருந்து கழித்தால் நிகர உமிழ்வு. மொத்தம் என்பது அம்மாவின் 90. நிகரம் என்பது 40. இரண்டும் உண்மையான எண்கள்தான். ஆனால் மேடையில் ஒருவர் ஒன்றைமட்டும் சொல்லும்போது அவர் எதைச் சொல்கிறார் என்று கேட்காவிட்டால், 90 ஐ 40 என்று நம்பி வீட்டுக்குப் போவோம்.

வடமாகாணத்தில் கார்த்திகை என்றால் மரநடுகை மாதம். மழையும் வரும், கன்றும் பிழைக்கும், நல்ல காரியம். அந்த மேடைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு வசனம் உண்டு: "எங்களிடம் தொழிற்சாலை இல்லை, பனை இருக்கிறது, ஆகவே நாங்கள் உலகத்தைச் சூடாக்கவில்லை." இந்த ஒரு வசனத்துக்குள் மூன்று பிழை இருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற்பிழை, தொழிற்சாலை இல்லாவிட்டால் உமிழ்வும் இல்லை என்று நினைப்பது. செம்மண் தறையில் வெங்காயத்துக்குப் போடும் யூரியாவை எடுத்துக்கொள்வோம். 50 கிலோ மூடையில் 46 வீதம் நைதரசன், அதாவது 23 கிலோ. மண்ணில் போட்ட நைதரசனில் நூற்றில் ஒரு பங்கை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைதரசொட்சைட்டு என்ற வாயுவாக்கி மேலே விடுகின்றன என்பது ஐபிசிசி எனப்படும் அரசுகளுக்கிடையிலான காலநிலை மாற்றக் குழு 2006 இல் வெளியிட்ட வழிகாட்டியின் பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் ஒரு மூடைக்குக் கிட்டத்தட்ட 360 கிராம் வாயு. கையளவுச் சங்கதிபோலத்தான் தெரியும். ஆனால் நூறாண்டுக் கணக்கில் நைதரசொட்சைட்டு காபனீரொட்சைட்டைவிட 265 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். பெருக்கினால் 95 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். அதோடு, யூரியாவின் எடையில் ஐந்திலொரு பங்கு காபன். தண்ணீர் பட்டுக் கரைந்ததும் அதுவும் காபனீரொட்சைட்டாகப் போகும். அது இன்னொரு 37 கிலோ. எல்லாம் சேர்த்து ஒரு மூடைக்கு 130 கிலோவுக்கு மேல்.

வீட்டுக்கு வரும் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஒன்றை எரித்து முடித்தால் ஏறத்தாழ 37 கிலோ காபனீரொட்சைட்டு வரும். ஆகவே ஒரு மூடை யூரியா மூன்றரைச் சிலிண்டருக்குச் சமம். புகை இல்லை, சத்தம் இல்லை, தோட்டக்காரர் மாலை நேரத்தில் தூவிவிட்டுப் போகிறார், அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் நைதரசன் நைத்திரேற்றாகி, தண்ணீரோடு சேர்ந்து சுண்ணாம்புக்கல் ஓட்டைகள் வழியே கிணற்றுக்குள் இறங்குகிறது. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று அதிகம் என்று பல காலமாகப் பேசுகிறோம் அல்லவா, அந்த நைத்திரேற்றேதான். குடிதண்ணீருக்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. நிலத்துக்கடியில் போனதிலும் ஒரு பகுதி பிறகு வாயுவாகி வெளியேறும், அதற்கும் கணக்கில் தனி வரி உண்டு. கிணற்றைக் கெடுப்பதும் வானத்தைச் சூடாக்குவதும் ஒரே மூடைதான். பசளையை அளந்து போடச் சொல்ல எனக்கு வேறு காரணம் தேவையில்லை.

ஆடும் அப்படித்தான். வேலிக் குழையைத் தின்னும் ஆடு எப்படிச் சூடாக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குழையிலுள்ள காபன் காற்றிலிருந்து வந்தது. அது காபனீரொட்சைட்டாகவே திரும்பிப் போனால் கணக்கு நேர். ஆனால் அசைபோடும் வயிற்றில் அதில் ஒரு பகுதி மெதேனாக மாறுகிறது. ஏப்பத்தில் வெளியே வரும் மெதேன் நூறாண்டுக் கணக்கில் 28 மடங்கு, இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்குக்கும் மேல். ஒரு ஆட்டுக்கு ஆண்டுக்கு 5 கிலோ மெதேன் என்று எடுப்பது வழக்கம். அதாவது 140 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். கொடுத்தது ஒரு ரூபாய், திரும்பி வந்தது கடுவட்டியோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிற்கும் வயலிலும் இதேபோல மெதேன் வரும். ஆனால் எங்கள் காலபோகம் மழையை நம்பியது. இடையிடையே வயல் காயும். காய்ந்தால் மெதேன் செய்யும் நுண்ணுயிருக்குக் காற்றுப்பட்டு வேலை தடைப்படும். ஆகவே ஆண்டு முழுக்கக் குளத்து நீரில் நிற்கும் வயலைவிட எங்களுடையது குறைவு. மானம் பார்த்த பூமி என்பதில் இப்படியும் ஒரு லாபம் இருக்கிறது.

மற்றவை தெரிந்தவைதான்: மோட்டார் சைக்கிள், வான், பஸ், மீன்பிடிப் படகின் மண்ணெண்ணெய், தோட்டத்துக்கு இறைக்கும் மெஷின், கல்லுண்டாய்ப் பக்கம் குவியும் குப்பை, வீட்டு மலக்குழி. சுன்னாகத்து உலை எண்ணெய் மின்நிலையம். தீவுகளில் டீசல் ஜெனரேற்றர். எழுவைதீவில் காற்று, சூரிய ஒளி, பற்றரி மூன்றையும் டீசலோடு சேர்த்து ஓட்டும் ஏற்பாடு முன்னரே வந்துவிட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் அதேபோலச் செய்ய இந்தியா 11 மில்லியன் டொலர் மானியம் தருவதாக 2024 இல் ஒப்பந்தமானது. ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ காபனீரொட்சைட்டு. ஒரு கிலோகூட இல்லாத டீசலிலிருந்து எப்படி 2.7 கிலோ என்று திகைக்க வேண்டாம். எரியும்போது காற்றிலிருந்து ஒட்சிசனும் வந்து ஒட்டிக்கொள்கிறது, பாரம் அதனுடையது.

இரண்டாவது பிழை பனையைப் பற்றியது. மனதுக்குக் கொஞ்சம் கஷ்டமான இடம் இது.

ஒரு மரத்தின் உலர்ந்த எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு காபன். 200 கிலோ உலர் எடையுள்ள ஒரு மரம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 94 கிலோ காபன். காபனீரொட்சைட்டாக மாற்றினால் 345 கிலோ. இனி மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். கிழமைக்கு 3 லீற்றர் பெற்றோல் அடிப்பவர் ஆண்டுக்கு 150 லீற்றர் எரிக்கிறார். லீற்றருக்கு 2.3 கிலோ, ஆக 345 கிலோ. முப்பது ஆண்டு நின்று வளர்ந்த ஒரு மரம் தன் உடம்பில் சேர்த்ததை, ஒருவர் கடைக்கும் வேலைக்கும் ஓடிய ஓட்டம் ஒரே ஆண்டில் தீர்த்துவிடுகிறது. அவருக்கு ஈடாக ஆண்டுக்கு ஒரு மரம் நட்டால் போதாது. ஆண்டுக்கொன்று நட்டு, எல்லாம் பிழைத்து, எல்லாம் வளர்ந்து, யாரும் தறிக்காமல் இருக்க வேண்டும். "வடலி வளர்த்துக் கள்ளுக் குடிக்கிறதோ" என்று ஊரில் கேட்பார்கள். புகை இன்றைக்கே போய்விட்டது, வடலி இனித்தான் வளர வேண்டும்.

"சரி, ஏற்கெனவே நிற்கும் பனைகள் இருக்கின்றனவே" என்பார்கள். அங்கேதான் கணக்குத் தெரிந்தவர்களும் வழுக்கி விழுகிறார்கள். நிகர உமிழ்வில் கழிப்பது மரத்தில் *இருக்கும்* காபனை அல்ல, இந்த ஆண்டு *புதிதாகச் சேர்ந்த* காபனை. வங்கியில் கிடக்கும் காசு வேறு, மாதச் சம்பளம் வேறு. நூறு வயதுப் பனந்தோப்பு பெரிய வைப்புப் பணம். ஆனால் பனைக்கு மாமரம்போல ஆண்டுக்காண்டு அடிமரம் பருப்பதில்லை. உச்சியில் குருத்தோலை விடும், கீழே காவோலை விழும். விழுந்த காவோலையை அடுப்பில் வைத்தாலும் தோட்டத்தில் தாட்டாலும் அதன் காபனில் பெரும்பகுதி காற்றுக்கே திரும்பும். ஆண்டு வருமானம் என்று பார்த்தால் சொற்பம். "காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும்" என்பது கிட்டத்தட்டச் சமநிலைக் கணக்கு.

பனையைக் குறைத்துச் சொல்லவில்லை. வைப்புப் பணத்தைக் கலைத்தால் அது முழுதாக உமிழ்வுப் பக்கத்தில் ஏறும். ஆகவே நிற்கும் பனையைத் தறிக்காமல் விடுவது பெரிய காரியம். ஆனால் அது கழித்தல் அல்ல, கூட்டாமல் இருத்தல். இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் ஒரே பனையை இரண்டு தரம் விற்றதுபோல ஆகும்.

பனையைவிட அதிகம் பேச வேண்டியது கண்டல், அதாவது கடனீரேரிக் கரைச் சேற்றில் வளரும் காடு. சரசாலைக் குருவிக்காட்டுப் பக்கம் போனால், வற்றுக் காலத்தில் வேர்கள் சேற்றுக்கு மேலே தலைநீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். சேற்றில் காலை வைத்தால் கறுப்பாகக் களி வரும், அழுகின முட்டை மணம் வரும். அந்த மணந்தான் விசயம். அங்கே ஒட்சிசன் இல்லை. விழுந்த இலையும் செத்த வேரும் உக்காமல் நூற்றாண்டுக் கணக்கில் புதைந்து கிடக்கும். காட்டு மரத்தில் சேமிப்பு பெரும்பாலும் நிலத்துக்கு மேலே, கண்டலில் பெரும்பகுதி நிலத்துக்குக் கீழே. உப்புத் தண்ணீர் என்பதால் நெல்வயல்போல மெதேனும் அதிகம் விடாது. ஐபிசிசி 2013 இல் ஈரநிலங்களுக்கென்று தனி இணைப்பே வெளியிட்டது. இலங்கையின் கண்டல் மீட்பு முயற்சியை 2024 இல் ஐ.நா. உலகின் முன்னோடி மீளமைப்புத் திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது. யாழ்ப்பாணக் கடனீரேரியின் ஓரத்தில் எஞ்சியிருக்கும் கண்டல் பரப்பளவில் சிறியதுதான். ஆனால் ஒரு பரப்புக் கண்டலைக் கிண்டி இறால் பண்ணையோ மீன்வாடியோ போட்டால், மேலே நின்ற செடியோடு கீழே கிடந்த பழைய சேற்றின் காபனும் கிளம்பும். நடுகை மேடைகளில் வேம்புக்கும் மருதுக்கும் கிடைக்கும் மாலை கண்டலுக்குக் கிடைப்பதில்லை. படம் பிடிக்க வசதியில்லாத இடம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது பிழை "எங்கள்" என்ற சொல்லில் இருக்கிறது. எங்கே கோடு போடுகிறோம்?

யாழ்ப்பாண மாவட்டம் மட்டும் என்று கோடு போட்டால், 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர், ஆயிரம் சதுர கிலோமீற்றர் அளவு நிலம், காடு என்று சொல்ல அதிகமில்லை. கழிக்க ஆளில்லை. மொத்தமும் நிகரமும் அருகருகே நிற்கும். அதே கோட்டை வடமாகாணம் என்று அகலப் போட்டால் முல்லைத்தீவும் வவுனியாவும் மன்னாரும் தங்கள் காடுகளோடு உள்ளே வந்துவிடும். நிகர எண் சடாரென்று இறங்கும். இதற்கிடையில் யாழ்ப்பாணத்தில் ஒரு அடுப்பு அணைக்கப்பட்டதா? ஒரு வாகனம் நிறுத்தப்பட்டதா? இல்லை. கோடுமட்டும் நகர்ந்தது. வன்னிக் காடுதான் எங்கள் கனடா மாமா. மொத்த எண்ணும் கோட்டை மாற்றினால் மாறத்தான் செய்யும். ஆனால் ஆளுக்கு இவ்வளவு, ஏக்கருக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் யார் எரித்தது என்று தெரிந்துவிடும். நிகர எண்ணில் அது மறைந்துபோகும்.

கோடு எப்படி விளையாட்டுக் காட்டும் என்பதற்குப் பளை நல்ல உதாரணம். ஆனையிறவு தாண்டி ஏ9 வீதியில் வரும்போது 2014 முதல் சுழலும் காற்றாலைகளைக் காணலாம். நிலப்படம் பார்த்தால் அது குடாநாடு. கச்சேரியை, அதாவது மாவட்டச் செயலகத்தைக் கேட்டால் கிளிநொச்சி மாவட்டம். அந்த மின்சாரத்தின் நற்பெயர் யாருக்கு? எந்தக் கோட்டை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. போகிற போக்கில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். காற்றாலை எதையும் *உறிஞ்சுவதில்லை*. அது எரிக்க வேண்டியிருந்த எண்ணெயையோ நிலக்கரியையோ எரிக்காமல் செய்கிறது, ஆகவே இடப்பக்கத்துச் செலவைக் குறைக்கிறது. அதை வலப்பக்கத்தில் எழுதி மறுபடியும் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். சூரியத் தகடு விற்பவர்களின் துண்டுப்பிரசுரத்தில் "இத்தனை மரம் நட்டதற்குச் சமம்" என்று போடுவதும் இந்தக் குழப்பத்துக்கு உரம்.

யாழ்ப்பாணத்து வீடுகளில் எரியும் மின்குமிழுக்குத் தேசிய மின்வலையிலிருந்து மின்சாரம் வருகிறது. அதில் ஒரு பங்கு புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில், 900 மெகாவாட் நிலக்கரி நிலையத்தில் பிறந்தது. புகைபோக்கி அங்கே, மின்விசிறி இங்கே. நில எல்லைக் கணக்கில் அது புத்தளத்தின் உமிழ்வு. நகரங்களுக்காக 2014 இல் வந்த உலகக் கணக்குமுறை இதற்காகத்தான் மூன்று வட்டம் வரைகிறது: எல்லைக்குள் எரிந்தது முதல் வட்டம், வெளியிலிருந்து வாங்கிய மின்சாரம் இரண்டாவது, வெளியில் செய்து கொண்டுவந்த பொருள், பயணம், வெளியே அனுப்பிய குப்பை முதலியவை மூன்றாவது.

காங்கேசன்துறையை நினைத்துப் பாருங்கள். 1950 இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் போரோடு நின்றது. சீமெந்து செய்வது என்றால் சுண்ணாம்புக்கல்லைச் சுடுவது. கல்சியம் காபனேற்றைச் சூடாக்கினால் 100 கிலோவில் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ காபனீரொட்சைட்டாகப் பறக்கும். எரித்த எரிபொருளின் புகை இதற்கு மேலதிகம். 1990 க்கு முன் கணக்கு எழுதியிருந்தால் மாவட்டத்தின் மிகப்பெரிய ஒற்றை வரி அதுவாகத்தான் இருந்திருக்கும். ஆலை மூடியதும் அந்த வரி அழிந்தது. ஆனால் நாங்கள் சீமெந்தை நிறுத்தினோமா? 2009 க்குப் பிறகு எழும்பிய மதில்களையும் மாடிகளையும் கலியாண மண்டபங்களையும் பார்த்தால் விடை தெரியும். மூடை வேறிடத்திலிருந்து வருகிறது, உமிழ்வு அந்த இடத்தின் கொப்பியில் எழுதப்படுகிறது. மாமா நல்லூர்த் திருவிழாவுக்கு வந்துபோகும் விமானத்தின் புகைக்கோ நாடே இல்லை. சர்வதேச விமான, கப்பல் எரிபொருளை எந்த நாட்டின் கூட்டுத்தொகையிலும் சேர்க்காமல் தனியே ஒரு குறிப்பாக எழுதிவிடுவதுதான் நடைமுறை.

எண் குறைந்தால் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாத ஊர் இது. 1990 க்குப் பிறகு பெற்றோலும் டீசலும் தடைப்பட்ட காலம் வயதில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஜாம் போத்தல் விளக்கு, மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள், எங்கே போவதென்றாலும் சைக்கிள். அந்த ஆண்டுகளின் எரிபொருள் உமிழ்வு அடிமட்டத்தில் கிடந்திருக்கும். அதே காலத்தில் பங்கருக்கும் காவலரணுக்கும் பனைகள் வரிசையாகத் தறிக்கப்பட்டன. செலவைச் சுருக்கிக்கொண்டே வைப்பையும் உடைத்த காலம். எண் ஒருபக்கம் இறங்கியபோது மறுபக்கம் ஏறியது. 2021 இல் இரசாயனப் பசளைக்குத் தடை, 2022 இல் பெற்றோல் வரிசை. அப்போதும் உமிழ்வு குறைந்திருக்கும், தோட்டக்காரரின் வயிறும் சேர்ந்து காய்ந்தது. இலங்கையில் ஒருவருக்கு எரிபொருளால் வரும் உமிழ்வு ஆண்டுக்கு ஒரு தொன் அளவுதான். கனடாவில் 14 தொன் அளவு. ஒரு தொன்காரரிடம் ஏன் இந்த விசாரணை என்று கேட்டால், கேள்வியில் நியாயம் உண்டு. நான் கணக்கைச் சொல்வது குற்றம் சாட்ட அல்ல. தப்பான கணக்கில் தப்பான பெருமையோ தப்பான திட்டமோ பிறக்கக்கூடாது என்பதற்காக.

இதைவிடக் கசப்பான உதாரணம் வலிகாமம் வடக்கு. 1990 இல் சனம் இடம்பெயர்ந்தது. உயர் பாதுகாப்பு வலயம் என்று கம்பி அடைக்கப்பட்டது. உழுத செம்மண் தறையும் முற்றமும் கிணற்றடியும் பற்றை பிடித்தன. கூரையில்லாத வீட்டுக்குள் வேம்பு முளைத்து, சுவரைப் பிளந்து நின்றதைக் காணி விடுபட்ட நாட்களில் பார்த்திருப்பீர்கள். காபன் கணக்கில் இது என்ன? தோட்டநிலம் பற்றைக்காடாக மாறுவது, ஆண்டுதோறும் உறிஞ்சல், நிகர உமிழ்வில் கழிவு. பிறகு காணி கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டு, உரியவர்கள் வந்து, பற்றையை வெட்டி எரித்து, வெங்காயம் நட்டார்கள். இது கணக்கில் ஒரேயடியாக உமிழ்வு. நிகர எண்ணைமட்டும் வைத்துப் படித்தால் சனத்தை விரட்டியது காலநிலைக்கு நன்மை, ஊர் திரும்பியது தீமை என்று வரும். கணக்குப்படி அது சரியும்கூட. ஆனால் அந்தக் கணக்கை வைத்து எதையாவது தீர்மானிக்கப் போகிறவர், அந்தக் கழிவு எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் பேனாவைத் தொடக்கூடாது.

இந்தக் காரணங்களால்தான் இரண்டு எண்ணையும் கலக்காமல் வைக்கச் சட்டமே போடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2030 க்குள் 1990 ஐவிட 55 வீதம் நிகரக் குறைப்பு என்று 2021 இல் சட்டம் செய்தபோது, நிலமும் காடும் உறிஞ்சுவதில் 225 மில்லியன் தொன்னுக்குமேல் அந்த இலக்குக்கு எண்ணக்கூடாது என்று எல்லையும் போட்டது. காட்டைக் காட்டிப் புகைபோக்கியை மறைக்கக்கூடாது என்பதுதான் அதன் பொருள். பாரிஸ் உடன்படிக்கை இந்த நூற்றாண்டின் பின்பாதியில் மனிதரால் வரும் உமிழ்வும் உறிஞ்சலும் சமநிலைக்கு வர வேண்டும் என்கிறது. "மனிதரால்" என்ற சொல் அங்கே சும்மா இல்லை. பாக்குநீரிணை தானாக உறிஞ்சுவதை எந்த நாடும் தன் கழிவாக எழுத முடியாது. இலங்கை 2021 இல் கொடுத்த வாக்குறுதியில் 2030 க்குள் பச்சைவீட்டு வாயுக்களை, வழமைபோலப் போனால் வரக்கூடிய அளவைவிட 14.5 வீதம் குறைப்பது, மின்சாரத்தில் 70 வீதம் மீள்சக்தி, காட்டுப் பரப்பை 32 வீதமாக்குவது, 2050 இல் காபன் நடுநிலை என்று நான்கும் உண்டு. முதல் இரண்டும் இடப்பக்கத்து வேலை. காடு வலப்பக்கம். கடைசியாக உள்ள காபன் நடுநிலை, இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்தைக் கழித்து வரும் விடை. யாழ்ப்பாணம் அந்த 32 வீதத்துக்குப் பெரிதாக எதையும் கொடுக்க முடியாது, நிலம் இல்லை. கை எட்டுவதெல்லாம் இடப்பக்கந்தான்: இறைப்பு மெஷின், தீவின் டீசல், பசளை மூடை, மக்கும் குப்பை. ஒரு பிரதேச சபை கணக்கு எழுதப் புறப்பட்டால் நிகர எண்ணைக் கண்டுபிடிக்க மினக்கெட வேண்டாம் என்பேன். மொத்தத்தை வரிவரியாக எழுதட்டும். நிற்கும் பனையையும் கண்டலையும் வேறு தாளில் இருப்பாக எழுதட்டும்.

அடுப்படியில் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. விறகு, பொச்சுமட்டை, காவோலை எரிக்கும் வீட்டின் காபனீரொட்சைட்டைச் சக்தித்துறையின் மொத்தத்தில் கூட்டமாட்டார்கள். மரம் வெட்டியபோதே நிலக் கணக்கில் அது குறைந்துவிட்டது, இரண்டுதரம் எண்ணக்கூடாது என்பது காரணம். விறகுப் புகையிலுள்ள மெதேனும் நைதரசொட்சைட்டும்மட்டும் சக்தித்துறையில் வரும். ஆகவே இருமிக்கொண்டே விறகு ஊதிய ஒரு அம்மா காஸ் அடுப்புக்கு மாறினால், மொத்த உமிழ்வு சிலிண்டருக்கு 37 கிலோ ஏறும். அவரின் நெஞ்சுக்கு வந்த நிம்மதிக்கு அந்தக் கொப்பியில் வரி கிடையாது. மொத்த எண்ணும் எல்லாம் சொல்லிவிடாது.

பழைய நாற்சார் வீடுகளில் ஏறிட்டுப் பார்த்தால் கூரைக்குக் கீழே பனை வளையும் சிலாகையும் கறுத்து மினுங்கும். வைரம் பாய்ந்த முதிர்ந்த பனை, ஓடு மாற்றினாலும் மரம் மாற்றுவதில்லை. அதுவும் காபன் கிடங்குதான். நாட்டுக் கணக்குகளில் மரப்பொருளுக்கென்று ஒரு வரி உண்டு. அரிந்த மரத்துக்கு அரைவாழ்வு 35 ஆண்டு என்று எடுப்பது அங்கே வழக்கம், அதாவது 35 ஆண்டில் பாதி போய்விட்டதாகக் காகிதம் நினைத்துக்கொள்ளும். எங்கள் அப்பு காலத்து வளை எண்பது ஆண்டாக அசையாமல் இருந்தது. போன ஆண்டு வீட்டை இடித்துக் கொங்கிறீற் தட்டுப் போட்டோம். வளையில் பாதியை ஒருவர் தளபாடத்துக்கு வாங்கிப் போனார். மிச்சத்தைக் கொத்தி, தட்டுப் போட்ட நாட்களில் மேசன்மாருக்குச் சமைத்தோம். நல்ல நெருப்பு, நின்று எரிந்தது. அந்தப் புகை காகிதத்தில் எப்போதோ கழிந்துபோன கணக்கு. தட்டுக்குப் போன சீமெந்து வேறு ஊரின் கணக்கு.